இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு ஸ்கேனும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், என் பித்தப்பை ஒன்று நீங்கலாக, நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பித்தப்பை உட்பட நலமாயிருக்க வேண்டும்.

நீ அழுது சாதித்தபடியே இன்று வயிறு முழுக்க ஸ்கேன் எடுத்தாயிற்று. பித்தப்பையில் கல் இருக்கிறதா, ஆபரேஷன் வேண்டுமா என்பது ரிப்போர்ட் வந்தால் தெரியும். போனில் சொன்னால் குறுக்கே அழுவாய் என்பதால், ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குத் துளிக்கூடப் பயமில்லை. லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே.

ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது, ஒரு மணி நேரம் முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வர வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் காட்டாத அக்கறையை இங்கே காட்டி, நான் இரண்டு லிட்டர் குடித்தேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். எட்டாவது ஆள் உள்ளே போகும்போது என் கால்கள் தாமாகவே பின்னிக்கொண்டன. கவுண்டர் பெண்ணிடம் கெஞ்சினேன். "பாதி மட்டும் போயிட்டு வாங்க சார்" என்றாள். பாதியில் மூட என்னிடம் என்ன குழாயா இருக்கிறது? முழுசாகப் போய்விட்டு நிம்மதியாகத் திரும்பினால், மறுபடி ஒரு லிட்டர், மறுபடி வரிசையில் கடைசி. "இதையாவது உருப்படியா செய்யக் கூடாதா" என்று உன் அம்மா அந்த ஹாலுக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னாள்.

உள்ளே ஸ்கேன் எடுக்கிற பெண்மணி, ஐஸில் வைத்தது போன்ற கூழை வயிற்றில் பிழிந்தார். நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாதாம், அதற்குத்தான் கூழாம். பிறகு சவர மெஷின் மாதிரி ஒன்றை வைத்து அழுத்தித் தேய்த்தார். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அது அனுப்பி, ஈரலில் மோதித் திரும்புவதை வைத்துப் படம் வரையுமாம். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. முப்பது வருடமாக உன் அம்மா எழுப்பும் ஒலியெல்லாம் என்மேல் மோதித் திரும்புகிறது, ஒரு படமும் தேறவில்லை. திரையில் கறுப்பாக, பெரிதாக ஒன்று தெரிந்ததும் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

"அதுதானாம்மா?"

"அது நீங்க குடிச்ச தண்ணி."

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னவர், விடச் சொல்ல மறந்துவிட்டு, விலா ஓரத்தில் ஒரே இடத்தை நாலு முறை தேய்த்து எதையோ அளந்தார். என்ன தெரிகிறது என்றேன். டாக்டர் சொல்வார் என்றார். கூழைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே மறுபடி சொல்கிறேன், வராதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் உள்ளுறுப்புகளை யாரும் தேடிப் பார்க்க வேண்டியிராத நீண்ட ஆயுள் உனக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
துளியும் பயப்படாத அப்பா

பி.கு.: ரிப்போர்ட் வந்துவிட்டது. கல்தான். சின்ன ஆபரேஷன், இருபதாம் தேதி எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அம்மா பயப்படுகிறாள், நீ பதினெட்டாம் தேதியே வந்துவிடு. இதை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் எங்க பயந்தேன்?" என்கிறாள். சரி, நான்தான். வா.