ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் நான் சொன்ன ‘ஆமாம்’

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் இளைய மகளின் கணவன், லிஃப்ட் மெக்கானிக், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எல்லோரும் என்பது இரண்டே பேர்; அதில் ஒருவர் இன்னொருவரோடு பேசுவதில்லை; ஆகவே நலத்தைப் பற்றி என்னால் பாதிதான் உறுதி சொல்ல முடியும். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். இதை ஃபோனிலேயே கேட்டிருக்கலாம். நான்கு தடவை அழைத்தேன். நான்கு தடவையும் உங்கள் பெரிய மகள், அக்காதான் எடுத்தார், நான்கு தடவையும் “அப்பா தூங்கறார்” என்றார். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, பதினொன்றரைக்கு ஒரு தடவை. எங்கள் வீட்டில் இருந்த ஆறு வருஷத்தில் நீங்கள் பகலில் கண் அசந்து நான் பார்த்ததில்லை. எனவே புரிந்துகொண்டேன், கடிதம் எழுதுகிறேன்.

முதலில் இண்டர்காம் விஷயம், ஏனென்றால் எல்லா வினையும் அதிலிருந்துதான் தொடங்கியது. ஆறு வருஷமாக நாம் இருவரும் வீட்டிலேயே கட்டிய விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேர் எஞ்சின் இரைச்சலில் பேசிக்கொள்ள ஒரு கருவி வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. அது ரேடியோவுக்குள்ளேயே அடங்கியதாக இருக்க வேண்டுமா, தனி டப்பாவாக இருக்க வேண்டுமா என்பதில்தான் மூன்று வாரம் சாப்பாட்டு மேஜை அதிர்ந்தது. தொலைபேசி இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் ஒயர் இழுத்தவர் நீங்கள். “ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சா ஒண்ணு போனா ரெண்டும் போகும் மாப்பிள்ளை. தனியா ஒரு டப்பா வச்சிட்டா ரேடியோ செத்தாலும் நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம்” என்றீர்கள். நான் எடை என்றேன், இடம் என்றேன், லிஃப்டில் எல்லாம் பேசும் கருவி சுவரோடு சுவராகத்தான் இருக்கிறது என்றேன். உண்மை என்னவென்றால், மாமா, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் இண்டர்காம் உள்ளே அடங்கிய ரேடியோவுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன், பேனலில் ஓட்டையும் வெட்டிவிட்டேன். மூன்று வாரமும் நான் வாதாடியது அந்த ஓட்டைக்காகத்தான். நீங்கள் அட்டையில் ஒரு டப்பா செய்து, குமிழ்கூட பென்சிலால் வரைந்து, அதைப் பேனலில் ஒட்டிக் காட்டினீர்கள். அதைப் பிய்த்து எடுத்து, “இது ஏரோப்ளேன் மாமா, டெலிபோன் பூத் இல்ல” என்றேன். நீங்கள் அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகு இண்டர்காம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அனுமதி வந்து, நான் தனியாக ஓட்ட வேண்டிய மணி நேரமெல்லாம் முடிந்து, முதல் பயணியாக உங்களை ஏற்றினேன். அக்கம்பக்கத்தார் ‘பறக்கும் பீரோ’ என்று கேலி செய்த வண்டி ஓடுபாதையில் முந்நூறு மீட்டர் ஓடியதுமே மேலே எழும்பியது. “மாப்பிள்ளை, நம்ம வீட்டு மாடியில துணி காயுது பாருங்க, என் பச்சை சட்டை!” என்று நீங்கள் சொன்னது கணீரென்று கேட்டது. அவ்வளவுதான். அதோடு உங்கள் குரல் நின்றது. உங்கள் வாய் மட்டும் அசைந்தது. ரேடியோவில் மற்ற விமானங்கள் பேசுவது கேட்கிறது, என் குரல் எனக்குக் கேட்கிறது, நீங்கள் மட்டும் ஊமைப் படம். அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? காதைத் தொட்டுக் காட்டி “கேக்கல மாமா” என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? நான் தேர்ந்தெடுத்த கருவி முதல் நாளே பல்லிளித்துவிட்டது என்று ஆகும். ஆகவே சிரித்தேன். தலையை ஆட்டினேன். உங்கள் உதடு நிற்கும் இடமாகப் பார்த்து “ஆமாம் மாமா” என்றேன். அடுத்த நிறுத்தத்தில் “ரொம்ப சரி” என்றேன். நீங்கள் கடைசியாக என் பக்கம் திரும்பி எதையோ நீளமாகக் கேட்டீர்கள், கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. மேகத்துக்குப் பக்கத்தில் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, “நானும் அதைத்தான் மாமா நினைச்சேன், சீக்கிரமே செஞ்சிடலாம்” என்று சொல்லிக் கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினேன்.

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இறங்கும் வரை அப்படியே இருந்தீர்கள். காட்சியை ரசிக்கிறார் என்று நான் உங்களுக்காக இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

தரைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நல்லா ஓட்டுறீங்க” என்றீர்கள். சாயங்காலம் பெரியவள் வீட்டுக்கு பஸ் என்றீர்கள். நான் என்ன செய்தேன்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ் கிளம்பும்போது, “எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துட்டு வாங்க மாமா, இங்க ஒண்ணும் அவசரமில்ல” என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினேன். அது உங்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

ஒன்பதாம் நாள் உங்கள் இளைய மகள் ஃபோனை வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்ற கோலத்தை என்னால் எழுத முடியாது.

“அக்கா என்ன சொல்றா தெரியுமா? உன் வீட்டுக்காரர் அப்பாவை ஆகாசத்துக்குக் கூட்டிட்டுப் போய், வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாராமேன்னு கேக்கறா.”

“நானா? நான் எதுவும் சொல்லலையே!”

“‘ஏரோப்ளேன் முடிஞ்சுது, இனிமே எனக்கு இங்க என்ன வேலை, உங்களுக்கும் பாரமா இருக்கேன், பெரியவ வீட்டுக்கே போயிடட்டுமா?’ன்னு அப்பா கேட்டாராம். நீங்க, ‘நானும் அதைத்தான் நினைச்சேன், சீக்கிரமே செஞ்சிடலாம்’னு சொன்னீங்களாம். கட்டைவிரலை வேற காட்டினீங்களாம். தரையில சொல்ல தைரியம் இல்லாமத்தான் மேல கூட்டிட்டுப் போனீங்களா?”

அன்றிலிருந்து வீட்டில் உள்ளடங்கிய இண்டர்காமும் இல்லை, தனி இண்டர்காமும் இல்லை. உப்பு வேண்டுமென்றால் நானே எழுந்து எடுத்துக்கொள்கிறேன்.

மாமா, நீங்கள் பாரமா? ஆறு வருஷம் உங்கள் கட்டிலுக்கு மேலே வால் பகுதியைத் தொங்கவிட்டிருந்தோம். திரும்பிப் படுத்தால் நெற்றியில் இடிக்கும். ஒரு நாள் முனகியிருப்பீர்களா? இப்போது அந்த அறையில் வாலும் இல்லை, நீங்களும் இல்லை. கதவைத் திறந்தால் காலியாக இருக்கிறது, மூடினால் அதைவிட மோசமாக இருக்கிறது. நேற்று ஷெட்டில் ஒரு ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே “மாமா, அந்த ஒன்பதாம் நம்பர் ஸ்பானர்” என்று கையை நீட்டினேன். நெடுநேரம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. தனி டப்பாவுக்குச் சொல்லிவிட்டேன், வந்ததும் மாட்டிவிடுவேன். பேனலில் இன்னொரு ஓட்டை போட வேண்டியிருக்கும், போடுகிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்று இன்னொரு தரமும் எழுதுகிறேன், அக்காவிடமும் காட்டுங்கள். கிளம்பி வாருங்கள். பஸ் நிலையத்தில் காத்திருப்பேன். இந்த முறை நீங்கள் எதைக் கேட்டாலும், காதில் முழுசாக விழுந்த பிறகுதான் பதில் சொல்வேன்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். அவர்கள் ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் இருந்தால் கொடுக்கவும், இல்லாவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளவும். பிள்ளைகளுக்கு அன்பு. தங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் டப்பா வந்துவிட்டது. மாட்டினேன். சோதிக்க உங்கள் மகளைக் கெஞ்சி உங்கள் இருக்கையில் உட்கார வைத்தேன். “இப்பவாவது கேக்குதா?” என்றாள். அவள் குரலைக் காதில் கேட்டு நாளாகியிருந்தது. எஞ்சினைப் போட்டேன். இரண்டாவது நிமிஷம் அதே கதை, உதடு மட்டும் அசைகிறது. தலையை ஆட்டவில்லை மாமா, எஞ்சினை அணைத்துவிட்டு “என்ன சொன்ன?” என்று கேட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். மைக் ஒயரின் முனை சாக்கெட்டிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. எந்தக் கருவியானாலும் மைக்கைச் செருகும் சாக்கெட் அதுதான்; அதைப் பொருத்திய மரப்பலகை தேவைக்கு மேல் தடிமன்; முனை உள்ளே போய் அமர்வதில்லை; எஞ்சின் அதிர்ந்தால் நழுவிவிடுகிறது. ஆகவே ரேடியோவுக்குள் இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், தனி டப்பாவானாலும் இதேதான் நடந்திருக்கும். மேலே இரண்டு தரம் எழுதிய ‘நீங்கள் சொன்னதுதான் சரி’ என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். நான் சொன்னதும் சரியில்லை. மன்னிப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும். அந்தப் பலகையை வெட்டிப் பொருத்தியது நீங்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்; ஆகவே இந்தப் பி.கு.வை மட்டும் அக்காவிடம் காட்ட வேண்டாம். “இதை எந்தப் புண்ணியவான் வச்சது?” என்று உங்கள் மகள் கேட்டாள். நான்தான் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.