பிரிண்டர் பாயின் லீவு லெட்டர்கள்

பட்டுக்கோட்டை முதல் அதிராம்பட்டினம் வரை உள்ள அத்தனை பேரும் ஆயுசு முழுக்கப் பயந்ததை, பிரிண்டர் பாய் ஒரே வாரத்தில் பயந்து முடித்துவிடுவார். கரன்ட் இருந்தால் ஷாக் அடிக்கும் என்று பயம். போய்விட்டால், திரும்பி வரும்போது மெஷினை எரித்துவிடும் என்று பயம்.

பட்டுக்கோட்டையில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்குப் பக்கத்துக் கடையில் பிரிண்டர் ரிப்பேர் செய்தார். துபாயிலிருந்து அவர் அண்ணன் கொண்டுவந்த பிரிண்டரால் வந்தது வம்பு. அதைச் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கும் புரோகிராமை டிரைவர் என்பார்கள். அது எங்கும் கிடைக்கவில்லை. பாயே எழுத உட்கார்ந்தார்.

இப்படிச் சம்பளமில்லாமல் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிற கூட்டம் ஒன்று பல நாடுகளில் இருந்தது. ஈமெயிலில் அதில் சேர்ந்து, மூன்று மாதத்தில் முடிப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார். அதே பிரிண்டரை வைத்துக்கொண்டு எங்கெங்கோ பலர் காத்திருந்தார்கள்.

மூன்றாவது மாதம் பாய்க்கு மஞ்சள்காமாலை.

"தங்கச்சி, இங்கிலீஷ்ல ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடும்மா."

"சம்பளமே இல்லாத வேலைக்கு என்ன பாய் லீவு?"

"சொல்லாம நின்னா பேரை வெட்டிடுவாங்கம்மா!"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு எழுதத் தெரியாததால், என் லீவு லெட்டர்களை நானே எழுதி வளர்ந்தவள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' வரைக்கும் இங்கிலீஷில் எழுதினேன். பாய் டாக்டர் சர்டிபிகேட்டை ஸ்கேன் செய்து சேர்த்தார். எங்கள் சென்டரிலிருந்தே அனுப்பினோம்.

அடுத்து, அடைமழையில் பாய் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வி.ஏ.ஓ.விடம் முத்திரையோடு சான்று வாங்கி வந்தார். பிறகு இடி விழுந்து அவர் கடை மோடம் கருகியது. அதற்கு இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்து.

ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

"கோவமா இருக்காங்க," என்று பாய் நகத்தைக் கடித்தார்.

எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம். என் இங்கிலீஷைப் படித்துச் சிரிக்கிறார்களோ? "லெட்டர்ல ஒரு தப்பும் கிடையாது," என்று மட்டும் விறைப்பாகச் சொன்னேன்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலையில் பதில் வந்தது. மறுநாளுக்குள் டிரைவர் வராவிட்டால் அந்தப் பிரிண்டரையே டிரைவர் எழுதவேண்டிய பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். பாய் ஊரில் இல்லை. அவர் அம்மாவுக்குத் தஞ்சாவூரில் அன்றைக்குத்தான் இருதய ஆபரேஷன். கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாய் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "உம்மா உள்ள போயி மூணு மணி நேரம் ஆச்சும்மா," என்றார். காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"லீவு லெட்டர் எழுதிடவா பாய்?"

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஃபிளாப்பி ஒன்றை எடுத்தார். "டிரைவர் முடிஞ்சிடுச்சும்மா."

"எப்ப?"

"நோன்புப் பெருநாளைக்கு முன்னாடியே. வெள்ளம் வர்றதுக்கும் முன்னாடி."

"என்ன பாய் இது! அப்ப வி.ஏ.ஓ. முத்திரையெல்லாம்?"

"வெள்ளம் நெசந்தானேம்மா. அனுப்பிட்டா, அதுல நான் பண்ணியிருக்கிற தப்பெல்லாம் உலகத்துக்கே தெரிஞ்சுபோயிடுமேன்னு..." தலையைக் குனிந்துகொண்டார். "உம்மாவையும் இப்படித்தான். ஆபரேஷன் இப்ப வேணாம், அப்புறம் பாக்கலாம்னு ஆறு மாசம் தள்ளிட்டேன்."

எனக்கு வந்த சிரிப்பு நின்றுபோனது. இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதவு திறந்தது. "நல்லபடியா முடிஞ்சுதுங்க," என்றார் நர்ஸ். பாய் ஃபிளாப்பியை என் கையில் திணித்தார். "நீயே அனுப்பிடு. நான் பாக்கமாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு சீட் மட்டும் காலி. ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் ஃபிளாப்பியை அழித்துவிட்டால்? எதற்கும் அஞ்சாத நான், பட்டுக்கோட்டை வரை நின்றுகொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே வரியில் பதில்: அச்சு அருமையாக வருகிறது, நன்றி.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க," என்றார் பாய்.

"சரி, உம்மா எப்படி இருக்காங்க?"

"கஞ்சி குடிச்சாங்கம்மா. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னாங்க!"

பாய் பயமில்லாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். போனை வைக்க எனக்கு மனசே வரவில்லை.