சிவப்புப் புள்ளி பொறுக்காதவர்

வாசகர்களே, காரைக்காலில் அண்மைக் காலமாக ஒரு புதிய உயிரினம் பெருகி வருகிறது. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. அடையாளம் எளிது: வலது கட்டைவிரல் சற்றே தேய்ந்திருக்கும். கல்யாண விருந்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால், மூன்று கைகள் சோற்றில் இருக்கும், ஒரு கை போனில் இருக்கும். அந்த நான்காவது கைதான் நம் உயிரினம். பள்ளிக்கூடம் கொடுத்திருக்கும் வீட்டுப்பாட ஆப்பைத் திறந்து, திரையைக் கீழே இழுத்து விட்டு, கிணற்றில் வாளி விட்டவரைப் போலக் காத்திருக்கும். பிள்ளை பாடத்தை முடித்திருந்தால் பச்சைப் புள்ளி; முடிக்காவிட்டால் சிவப்பு. பச்சை வந்தால் பிரியாணிக்கு ருசி வரும். சிவப்பு வந்தாலோ, பந்தியில் யாருக்கும் நிம்மதி இல்லை.

இந்த இனத்துக்கு உதாரணம் கேட்டால் நான் ரஃபீக்கைத்தான் காட்டுவேன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் எடைமேடையில் வேலை. லாரி காலியாக உள்ளே வரும், எடை போடுவார். நிலக்கரியோடு வெளியே போகும், எடை போடுவார். சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். உள்ளே போன லாரி வெளியே வந்தாக வேண்டும். இதுவே அவருடைய உலக தத்துவம். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் நௌஷினுக்கும் அதே தத்துவம்தான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பாடம் ஆப்பில் பச்சையாக வெளியே வந்தாக வேண்டும்.

ஒருநாள் லாரி ஓட்டும் மாறன், எடைச்சீட்டுக்குக் கை நீட்டியபடி கேட்டார்.

“என்ன பாய், மொகமே சரியில்ல? கப்பல் லேட்டா?”

“கப்பல் கெடக்கு மாறன். சமூக அறிவியல் சார்ட் நாலு மணிக்குள்ள குடுக்கணும். இன்னும் செவப்பாவே நிக்கிது.”

“பாப்பா இப்ப ஸ்கூல்லதானே இருக்கும்?”

“அதான் எனக்கும் கவல. அங்க உக்காந்து என்னதான் பண்ணுது?”

மாறன் சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பின்னால் பதினாறு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

வீட்டில் இன்னும் விசேஷம். நௌஷின் எதிரே உட்கார்ந்து, எழுதி முடித்த கணக்கு நோட்டை விரித்துக் காட்டுவாள். “முடிச்சிட்டேன் வாப்பா. பாருங்க.” ரஃபீக் நிமிர மாட்டார். “நோட்டு இருக்கட்டும்மா. ஆப்புல வரலையே.” பெற்ற மகள் சொல்லை நம்பாதவர், முகம் தெரியாத யாரோ எங்கேயோ உட்கார்ந்து செய்த ஆப்பை நம்புகிறாரே என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். அவரிடம் ஆறு மாத ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது, ஒவ்வொன்றாகக் காட்டுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பச்சைப் பயணத்தில்தான் இடி விழுந்தது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஒரு பாடம்கூடப் பிந்தாமல், எல்லாப் புள்ளியும் பச்சையாக வைத்திருக்கும் பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதுவார்கள். அந்தப் பிள்ளையின் பெற்றோர் மேடையேறி இரண்டு நிமிடம் பேசலாம். ரஃபீக் ஏழு நிமிடத்துக்குத் தயார் செய்து வைத்திருந்தார். “பொறுப்பு என்பது” என்று ஆரம்பம். ஆனால் ஆப்பின் முகப்பில் ஒரேயொரு சிவப்புப் புள்ளி, பதினோரு நாளாக அசையாமல் நின்றது.

“எல்லாத்தையும் குடுத்துட்டேன் வாப்பா!”

“அப்ப இது என்ன, எறும்பா?”

சிவப்பு வந்த அன்றே நௌஷினின் சைக்கிள் சாவி பீரோவின் மேலே போனது. சிவப்பு போகும்வரை சைக்கிள் கிடையாது. மனைவி ஷஃபீனா சொல்லிப் பார்த்தார். “அந்தப் புள்ளியத் தொட்டு உள்ள என்ன இருக்குன்னுதான் பாருங்களேன்.” ரஃபீக் சிரித்தார். எடைமேடைக்காரர் வேலை எடை போடுவது; தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பது அல்ல.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பஞ்சாயத்தைத் தீர்த்துவிடப் பள்ளிக்கூடம் போனார். வகுப்பாசிரியை ராஜம் போனை வாங்கி, புள்ளியைத் தொட்டு, திருப்பிக் கொடுத்தார்.

“சார், இது நௌஷினோடது இல்ல. பெற்றோர் பகுதி. உங்களுது.”

“எனக்கா பாடம்?”

“அஞ்சே கேள்வி. மத்தவங்க போன வாரமே முடிச்சிட்டாங்க.”

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்து நான்கு வயது மனிதர், காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு, “நேத்து நெட் இல்ல டீச்சர்” என்றார். பிறகு, “எழுதிட்டேன், அனுப்பத்தான் மறந்துட்டேன்” என்றார். ராஜம் டீச்சர் இருபது வருடமாக இதையெல்லாம் கேட்டவர். “சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுங்க” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து படித்தார். உங்கள் பிள்ளையின் நெருங்கிய தோழி யார்? பிடிக்காத சாப்பாடு எது? கடைசியாக எதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்? எதற்குப் பயப்படுவாள்? போன வாரம் பாடத்தைத் தவிர நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள்?

கணக்குப் பாடத்தில் எத்தனையாவது பயிற்சி நிலுவை என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பார்.

“ஷஃபீனா, அதோட கூட்டாளி பேரு என்ன?”

“ஒங்களுக்கு வந்த பாடம். நீங்கதான் எழுதணும்.”

இனி மிச்சமிருப்பது வாட்ஸப் குழு. பெற்றோர் ஒருவர் தான் எழுதியதைப் பெருமையாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார். ரஃபீக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அதைப் பார்த்து வரி வரியாக அடித்தார். தோளுக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

“எனக்குக் கத்தரிக்கா பிடிக்காதா? என் ஃப்ரெண்டு அப்ராரா? வாப்பா, இது எங்க கிளாஸ் தாரிக்கோட வாப்பா எழுதுனது. காப்பியா அடிக்கிறீங்க?”

போன் பிடுங்கப்பட்டது. நாற்காலி போட்டு ஏறி, பீரோவின் மேலே சைக்கிள் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள் நௌஷின். “செவப்பு போற வரைக்கும் போன் கிடையாது. நோட்டுல எழுதுங்க. நான் பாக்குறேன்.” அடுப்படியில் ஷஃபீனாவின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

ஆக, எதிரே உட்கார்ந்திருந்தவளிடமே கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. தோழி வினோதா, வரிச்சிக்குடி. பதினோரு நாளாக அவள் வீட்டுக்குப் போகவில்லை, சைக்கிள் இல்லை. பிடிக்காதது ரவை உப்புமா. வாரம் மூன்று நாள் அதுதான். சிரித்தது, ரஃபீக் மேடைப் பேச்சைக் குளியலறையில் ஒத்திகை பார்த்தபோது.

“பயம்?”

“ஒங்க போன் ‘டிங்’குங்குற சத்தம்.”

ரஃபீக் ‘டி’ என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டார். பிறகு ‘கரப்பான்பூச்சி’ என்று எழுதினார். டீச்சர் படிப்பார் அல்லவா? நௌஷின் எட்டிப் பார்த்தாள், திருத்தவில்லை. ஐந்தாவது கேள்விக்கு, ‘இந்தக் கேள்விகளைப் பற்றி’ என்று எழுதினார்; நௌஷின் போனை இறக்கிக் கொடுக்க, நோட்டைப் பார்த்து ஆப்பில் அடித்து அனுப்பினார். உண்மை, ஆனால் போன வாரத்து உண்மை அல்ல.

புள்ளி பச்சையானது. பழக்க தோஷம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார். பச்சைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கடிகாரம்: ‘தாமதமாக அளிக்கப்பட்டது.’ எத்தனை முறை இழுத்து விட்டாலும் அது போகவில்லை. சனிக்கிழமை பலகையில் நௌஷின் பெயர் இல்லை; ஏழு நிமிடப் பேச்சு சட்டைப்பையிலேயே வீடு திரும்பியது. நௌஷின் அப்போது சைக்கிளில் வரிச்சிக்குடிக்கு, வினோதா வீட்டுக்குப் போயிருந்தாள். ரஃபீக் அந்த வீட்டுக்கு இரண்டே முறைதான் போன் செய்தார். போனைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறார் என்றும் கேள்வி, ஆனால் அதிர்கிறதாம்.

நல்லவேளை, நீங்கள் இந்த இனம் இல்லை. அப்படித்தானே? மகிழ்ச்சி. உங்கள் பிள்ளையின் நெருங்கிய கூட்டாளி பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அடுப்படிப் பக்கம் பார்க்காதீர்கள். அதுவும் காப்பியடிப்பதுதான்.