காட்டில் இரண்டு நாள் முகாம்

"வர்ற சனி, ஞாயிறு காட்டுல தங்கோணுமுங்க. ஏற்பாடெல்லாம் நீங்களே பாத்துக்குங்க."

மில் முதலாளி கோவிந்தராஜுலு இப்படிச் சொன்னதும் குமாஸ்தா அரங்கசாமிக்குத் தலை சுற்றியது. கும்பகோணத்திலிருந்து கோயமுத்தூர் வந்து மூன்றே மாதம். வேலையை நிரந்தரமாக்குவதா, மூட்டை கட்டி அனுப்புவதா என்று முதலாளி திங்கட்கிழமை சொல்வார். அதற்குள் மனிதருக்குக் காட்டில் முகாம் போடும் ஆசை! பணக்காரர்களின் ஆசைக்குக் கேட்பானேன்.

"எத்தனை பேருங்க ஐயா?"

"பொம்பளையாளுக நாப்பது. ஆம்பளைக ஒரு பத்து."

அரங்கசாமி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டான்.

"யானை வந்தா என்ன பண்றதுங்க?"

"ஆனை எங்கீங்க வருது? பன்னிதான் வரும். தகரத்தத் தட்டுனா ஓடிப்போயிருமுங்க. சாக்கு நூறு எடுத்துக்குங்க, மறந்துபோடாதீங்க."

குளிருக்குச் சாக்குக்குள் புகுந்து தூங்குவார்கள் போலிருக்கிறது, ஆளுக்கு இரண்டு என்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டான். நூறு சாக்குக்கும் மூட்டைப்பூச்சி மருந்து அடித்தான். நாற்றம் தாங்கவில்லை. பன்னீர் தெளித்தான். நாற்றம் இரட்டிப்பானது.

மேட்டுப்பாளையம் வன அலுவலகம் போய் மலைக்காட்டில் தங்க அனுமதி கேட்டால், "அம்பது பேரா? திருவிழாவா நடத்தறீங்க?" என்று சிரித்து அனுப்பினார்கள். முதலாளியிடம் இதைச் சொல்லப் பயம். துணைக்கு வேட்டைக்காரர் ஷேக் பரீத்தைத் துப்பாக்கியோடு பிடித்துவந்தான்.

சனிக்கிழமை காலை முதலாளியின் கார் முன்னே போக, லாரி பின்னே போனது.

"ஏனுங்க தம்பி, மலை வடக்கால இருக்குது. லாரி கெழக்கால போகுதுங்களே?" என்றார் ஷேக் பரீத்.

"காங்கேயம் ரோடுங்க. முதலாளிக்குக் குறுக்கு வழி தெரிஞ்சிருக்கும்," என்றான் அரங்கசாமி.

வண்டிகள் நின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரமில்லை. செம்மண்ணில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைச் செடிகள்தான். நாற்பது பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஷேக் பரீத் துப்பாக்கியோடு குதித்ததும் பாதிப்பேர் அலறினார்கள். முதலாளி அரங்கசாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

இனி மறைத்துப் பயனில்லை.

"மன்னிக்கணுங்க ஐயா, அனுமதி கிடைக்கலை. அது போகட்டும், காடு எங்கேங்க?"

ஆட்களுக்குத் தலைவியான பழனியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"இதென்னங்க சாமி, வெள்ளாமைக் காட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டுக் காடு எங்கேங்கறீங்க! கடலக்காய் பறிக்கறதுக்கு எந்த ஊர்லீங்க அனுமதி கேப்பாங்க?"