தொடைக்குப் பின்னால் ஒரு பொய்

"இடுப்பு," என்றார் சம்பங்கி, வாசற்படியில் ஒற்றைக்காலில் நின்றபடி.

"இடுப்புக்கு என்னாங்க?" முனிலட்சுமி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"கம்பெனியில கனமான இரும்பு ஜாப் ஒண்ணத் தூக்குனேன். பிடிச்சுக்கிச்சு."

நொந்தது இடுப்பு அல்ல, வலது தொடையின் பின்பக்கம். அவர் எதையும் தூக்கவும் இல்லை. தொழிற்சாலை விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் பந்தயத்தில் ஓடியிருந்தார். அறுபது மீட்டர் வரை பெயின்ட் அடிக்கும் பிரிவுக்காரனை முந்திக்கொண்டு போனவருக்கு, யாரோ தொடையில் கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

இதை மனைவியிடம் சொல்ல வழியில்லை. போன வருஷம் ஓடி மயங்கி விழுந்த அன்று, இனி ஓடவே மாட்டேன் என்று மகள் பிரியாவின் தலைமேல் சத்தியம் செய்திருந்தார். வயது நாற்பத்தாறு. வீட்டில் அவர் சொல்லுக்கு ஏற்கெனவே தள்ளுபடி விலைதான். இது தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது.

முனிலட்சுமி வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். உடனே சம்பங்கி பையைத் தொடைக்கு இறக்கினார். அவள் எட்டிப் பார்த்தால் இடுப்புக்கு ஏற்றினார். காலையில் தொடை நன்றாக வீங்கியிருந்தது.

"இன்னும் நோவுதா? இரு, மாதேஸ்வரியக் கூப்புடறேன்."

பக்கத்து வீட்டு மாதேஸ்வரி போனைப் பார்த்தே யோகா படித்தவள்.

"அண்ணா, முட்டிய மடக்காம குனிஞ்சு கால் விரலத் தொடுங்க. இடுப்பு அப்படியே லூசாயிடும்."

"விரலு இங்கிருந்தே தெரியுதும்மா. அது போதாதா?"

"சாக்கு சொல்லாதீங்க," என்று முனிலட்சுமி அவர் முதுகை அமுக்கினாள்.

அவர் போட்ட கூச்சலுக்கு மாடி வீட்டு நாய் பதில் சொன்னது.

"இன்னொரு வாட்டி, அண்ணா."

"வேணாம்மா! சரியாயிடுச்சு! இடுப்பு சுத்தமா சரியாயிடுச்சு!"

முனிலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு நல்லானா ரெண்டு பேருமா மலைக்கோயில் படியேறி வர்றதா வேண்டிக்கிட்டேங்க. கெளம்புங்க."

முப்பதாவது படியில் சம்பங்கி உட்கார்ந்தார், எழவில்லை. நாலு பேர் தூக்கிவந்து ஆட்டோவில் போட, ஆட்டோக்காரர் அருகிலிருந்த பிசியோதெரபி கிளினிக்கில் இறக்கிவிட்டார்.

"இங்கயா?" முனிலட்சுமி தயங்கினாள். "பாகலூர் ரோட்டுல ஒருத்தர் நல்லாப் பாப்பாராம். அங்க போலாங்க."

"அதுவரைக்கும் உசுரு தாங்காது, முனி."

பிசியோதெரபிஸ்ட் மோகனப்ரியா ஒரு நொடி முனிலட்சுமியைப் பார்த்தாள். பிறகு தொழில் தர்மப்படி தொடையை மட்டும் பார்த்தாள். அது முட்டிவரை கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

"இது இடுப்பு இல்லைங்க. நாம உக்கார்ற எலும்புல இருந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் பின்னால மூணு தசை போகுது. முட்டிய மடக்குறது, இடுப்ப நிமித்துறது, ஓடறப்ப முன்னால வீசுற கால பிரேக் போட்டுப் பிடிக்கிறது எல்லாம் அதுங்க வேலைதான். அதுல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. சூடு வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"இழுத்து நீட்டுனீங்களா?"

"நீட்டுனாங்க."

"படிக்கட்டு?"

"முப்பது."

"செய்யக்கூடாததுல எதையும் மிச்சம் வைக்கல. ரெண்டு மூணு நாளு துணியில சுத்தி ஐஸ் வெக்கணும். கட்டுப் போட்டு கால ஒசத்தி வெச்சுக்கணும். அப்புறம் மெல்ல மெல்லப் பயிற்சி. அவசரப்பட்டா திரும்பக் கிழியும். ஆமா, எங்க ஓடுனீங்க?"

 சம்பங்கி சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ஸ்போர்ட்ஸ் டே, முனி. அறுபது மீட்டர் வரைக்கும் நான்தான் முதல்ல. புள்ள தலமேல சத்தியம் பண்ணிட்டு ஓடுனது தப்புதான். திட்டிடு."

முனிலட்சுமி திட்டவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். இருபது வருஷத்தில் அவள் திட்டாமல் விட்டது இதுதான் முதல் தடவை. 

அப்போது ஐஸ் பையோடு உள்ளே வந்த மதுரைப்பக்கத்து உதவியாளர் இருளாயியின் முகம் மலர்ந்தது.

"அட, முனிலட்சுமியக்கா! பாப்பா ஸ்கூல்ல அம்மாமாருக்கு வச்ச ஓட்டப்பந்தயத்துல கிழிஞ்ச தொடை ஆறிருச்சா? வீட்ல அண்ணனுக்குத் தெரியவே கூடாதுன்னு அம்புட்டு ரகசியமா வந்து கட்டுப் போட்டீக, இப்ப அண்ணனையே கூட்டியாந்துட்டீக!"