தானாக மாறிய கம்ப்யூட்டர்

"மாப்பிள்ளை, ஊசி இறங்க மாட்டேங்குது" என்றார் மாமியார் போனில்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்றும் கேட்கவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மனைவி இறந்ததிலிருந்து அவனுக்குப் போன் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள். எதிர்முனையில் காற்றுச் சத்தம் வந்தாலே போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க அவன் பழகியிருந்தான்.

அத்தையின் தொழில் எம்பிராய்டரி. பள்ளிக்கூடச் சட்டைக்குச் சின்னம், நர்ஸ் கோட்டுக்குப் பெயர், விடுதித் துண்டுகளுக்கு முத்திரை. முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் தையல் மெஷின் அத்தை சொன்னால் கேட்காது, கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். இரண்டும் ஒரே வயது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசப் பழக்கியது அத்தையின் மகள், அவன் மனைவி. அவள் இருந்தவரை இவன் அந்த மேசைப் பக்கம் போனதில்லை.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. காலைல பார்த்தா தானா மாறியிருக்கு. நீங்க வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. அந்தக் கணக்கில் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துவிட்டு மறுபடி போடுவது.

ஆனாலும் உடனே வருவதாகச் சொன்னான். காரணம் ஊசி அல்ல. அவள் போன பிறகு அந்த வீட்டுக்கு ஒரே ஒரு முறை போயிருந்தான். மாமா பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அத்தை காபி கொடுத்துவிட்டு, கொடுத்ததை மறந்து இன்னொரு காபி கொண்டுவந்தார். அவன் அதையும் குடித்தான். பிறகு வருகிறேன் என்றான், சரி என்றார்கள். அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாலும் வாசல் வரை போவான். எதற்கு வந்தாய் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள், ஆனால் தனக்கே பதில் தெரியாதே என்று நினைத்துச் சட்டையைக் கழற்றிவிடுவான்.

இப்போது பதில் இருந்தது. ஊசி இறங்கவில்லை.

பெட்டி பழசுதான், உள்ளே ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் புதிதாகி, கம்ப்யூட்டர் புது முகத்தோடு உட்கார்ந்திருந்தது. திரையில் யாரும் ஏறாத ஒரு மலை. இனி எல்லாம் முன்பைவிடச் சுலபம் என்று அது உறுதி சொன்னது. அணைக்கும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்கவே அவனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. தையல் சாஃப்ட்வேரைத் திறந்தால், இது இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது, தயாரித்தவர்களைக் கேளுங்கள் என்றது. தயாரித்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

தோண்டித் துருவியதில் ஓர் இடத்தில் 'பழைய மாதிரியே நடந்துகொள்' என்று ஒரு வசதி இருந்தது. அவன் விளக்கியதைக் கேட்ட மாமா, "அதாவது நடிக்கச் சொல்றீங்க" என்றார்.

நடித்தது. சாஃப்ட்வேர் திறந்தது, ஊசி இறங்கியது, மெஷின் கடகடவென்று ஒரு நர்ஸ் கோட்டில் பெயரைத் தைத்து முடித்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் திரும்பி நின்றது.

மாமா கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றார். "இங்கேர்ந்து பார்த்தா சரியாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு வந்து பார்க்கச் சொன்னார் அத்தை. அவன் தலையாட்டினான். கொஞ்சம் வேகமாகவே ஆட்டிவிட்டான் என்று பிறகு பஸ்ஸில் தோன்றியது.

அடுத்த ஞாயிறு எழுத்தைத் திருப்பப் போனான். அதற்காக எதையோ இறக்கி ஏற்றியதில் சாஃப்ட்வேரின் சாவி வேலை செய்யாமல் போயிற்று. சாவி என்பது கட்டைவிரல் அளவு ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதைப் பின்பக்கம் சொருகினால்தான் சாஃப்ட்வேர் வாயைத் திறக்கும். புதுக் கம்ப்யூட்டர் அதை யாரோ என்னவோ என்று பார்த்தது. அதற்கொரு இணைப்பு கேபிள் வாங்கிவந்து மாட்டினான். சாவியை ஏற்றுக்கொண்டது, எழுத்தும் நேராயிற்று, ஆனால் துணி நகரவில்லை. ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்குள் சட்டைப் பாக்கெட்டின் மேல் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு நூல் உருண்டை.

"பள்ளிக்கூடத்துல சின்னம் கேட்டாங்க, பட்டன் தைச்சுக் கொடுத்துட்டீங்க" என்றார் மாமா.

அத்தை உருண்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அடுத்த வாரம் சீக்கிரமே வந்துவிடுங்கள், சாப்பாட்டுக்கு இங்கேயே இருந்துவிடலாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க ஆபீசில் வேலை நேரத்திலேயே இதைப் பற்றிப் படித்தான். ஆள் தேறிவிட்டான் என்று பக்கத்து நாற்காலிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் தேறவில்லை. புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஓடவிடலாம் என்று கண்டுபிடித்திருந்தான், அவ்வளவுதான்.

"அப்போ குடித்தனம் வச்சிருக்கீங்க" என்றார் மாமா.

"கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா."

குடித்தனக்காரர் வந்தார். பழைய திரை, பழைய நிறம், பழைய படங்கள். அத்தை ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தையல் மெஷின் வீட்டுக்காரர் கையில் இருந்தது, சாஃப்ட்வேர் குடித்தனக்காரர் கையில். மௌஸ் அம்பு ஒரு தடவை உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை. மூவரும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் உள்ளேயேதான் இருந்தது.

அதற்கடுத்த வாரம் இரண்டு பேரையும் எப்படியோ சமாதானம் செய்துவைத்தான். மாமாவுக்கு ஒரு வேலை உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு மனு எழுதுவது. விளக்கு எரியாமல் இருக்கிற வரை அவருக்கும் பொழுது போயிற்று. அன்று மனுவை அச்செடுக்கப் பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் சும்மா இருந்தது. முன்னறையில் தையல் மெஷின் எழுந்து ஓட ஆரம்பித்தது.

அத்தை அதில் ஒரு விடுதித் துண்டை மாட்டி வைத்திருந்தார். ஊசி அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தது. பதறிப்போய் அவன் தையல் பொத்தானை அழுத்தி நிறுத்தப் பார்த்தான். உள்ளறையில் பிரிண்டர் விழித்துக்கொண்டு, வெறும் எண்களாகத் தாள் தாளாகத் துப்ப ஆரம்பித்தது. ஒன்றை நிறுத்தினால் மற்றது ஓடியது. கடைசியில் மாமா பிளக்கைப் பிடுங்கினார்.

துண்டை விரித்துப் பார்த்தார்கள். சிவப்பு நூலில் ஒரு புயல் அடித்து ஓய்ந்திருந்தது.

"தெருவிளக்கு எரியலைன்னுதான் எழுதினேன்" என்றார் மாமா. "எழுத்து புரியலை. ஆனா கோபம் நல்லா வந்திருக்கு."

முதலில் சிரித்தது அத்தை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே வெகுநாளாயிற்று. சிரிப்பு நின்றதும் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"அவ இருந்தா உங்களை இந்த மேசைப் பக்கமே விட்டிருக்க மாட்டா" என்றார் அத்தை.

"ஆமா அத்தை. ஸ்விட்ச் போடுறதுக்கு மட்டும்தான் எனக்கு அனுமதி."

"அதையும் சரியாப் போட மாட்டாருன்னு சொல்லுவா."

பெருமூச்சு இல்லாமல் அவளைப் பற்றி யாரோ பேசி அவன் கேட்டது அன்றுதான். தாளையெல்லாம் பொறுக்கி அடுக்கினான். அடுக்கி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அடுக்கிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுதான் அவன் நிம்மதியைக் கெடுத்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டான். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சின்னத்தைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். துணியை மூக்குக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு குத்தாக. விரல் நுனியில் பிளாஸ்திரி. பக்கத்தில் ஒரு பை நிறையச் சட்டைகள் காத்திருந்தன. நர்ஸ் கோட்டுகள் என்ன ஆயிற்று என்று கேட்டான். வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்களாம். வேளைக்குக் கொடுக்க முடியாவிட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள் என்றார் அத்தை, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

கடையில் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

"கடைக்காரங்க கையில கொடுத்தா இருக்கிறதும் போயிடும். நீங்களே பாருங்க. நிதானமாப் பாருங்க, ஒண்ணும் அவசரமில்லை."

அதைக் கேட்டதும் அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதை நினைத்து அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஓர் அம்மாவின் கண்ணும் பிழைப்பும் கெட்டுக்கொண்டிருக்கின்றன. தனக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஓர் இடம் வேண்டும் என்பதற்காகக் கேபிளை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருக்கிறோம். இப்படி நேராக வைத்துப் பார்த்தபோது அவனுக்கே தன்னைப் பிடிக்கவில்லை. சரியாகிவிட்டால் ஊசி இறங்கும். ஊசி இறங்கிவிட்டால் இந்த வாசலுக்கு வர வேறு காரணம் கிடையாது. இரண்டும் தெரிந்துதான் முடிவு செய்தான்.

தைத்தவரைக்கும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அத்தை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு அவன் மேசைக்கடியில் புகுந்து எல்லா வயரையும் கழற்றினான்.

மாமா பேப்பரை மடித்தார். "அத்தை வந்துடட்டுமே மாப்பிள்ளை" என்றார். "எதையும் அவசரப்பட்டுச் சரி பண்ணக் கூடாது."

"இல்ல மாமா. அவங்க கண்ணைப் பாத்தீங்களா?"

மாமா பேப்பரைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

பஸ்ஸில் கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். குழந்தை என்று நினைத்துத்தான் ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். பெட்டி என்று தெரிந்ததும் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்க முடியாமல், அதற்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

"புதுசா மாறிடுச்சு. பழசு எதுவும் அடையாளம் தெரிய மாட்டேங்குது."

"எங்க வீட்டுக்காரருக்கும் அதேதான்" என்றார் அந்த அம்மாள். "பதவி உயர்வு வந்ததுலேர்ந்து."

கடைவீதியில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் கடையை ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தார். கொண்டையில் ஒரு திருப்புளியைச் செருகியிருந்தார். அவன் சொன்னதையெல்லாம் நோயாளியின் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்கும் டாக்டர் மாதிரி கேட்டார். நடிக்கச் சொன்னது, குடித்தனம் வைத்தது, துண்டில் புயல் அடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பழையபடி ஆக்க முடியும், சாயங்காலத்துக்குள் தந்துவிடுகிறேன் என்றார்.

"பழசையே போட்டுருங்க. ஒரு குறையும் இருக்கக் கூடாது" என்றான் அவன். "இதுக்காக நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவேண்டியிருக்கக் கூடாது. அந்த மாதிரி பண்ணிக் கொடுங்க."

அந்தப் பெண் துண்டை விலக்கினார். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார். திருப்புளியை எடுக்கப் போன கை கொண்டையிலேயே நின்றது.

"அந்த மாப்பிள்ளை நீங்கதானா?" என்றார். "உங்க அத்தைதான் இதே மேசையில இந்தப் பெட்டியக் கொண்டாந்து வச்சு, புது சிஸ்டம் ஏத்தித் தரச் சொன்னாங்க. ஏத்தினா தையல் மெஷின் ஓடாதும்மான்னு நானும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். 'ஓடாதுல்ல, அப்போ ஏத்து, எங்க மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சு'ன்னுட்டாங்க."