உம் கொட்டும் பெட்டி

பிள்ளைகளின் கேட்கும் திறனை வளர்க்கும் பெரும்பணியைக் கல்வி அலுவலகம் ஒரு கறுப்பு ஒலிப்பெட்டியிடம் ஒப்படைத்தது. உள்ளே முழுக்க நாட்டுப்புறக் கதைகள். மூன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கதைகள் பிடித்திருந்தன. திட்டத்தை நன்றாக நடத்தினால் இடமாறுதல் உண்டு என்ற அதிகாரியின் வாக்கு அதைவிடப் பிடித்திருந்தது. கணவரும் சின்ன மகளும் ஒரு ஊரில், அவர் ஒரு ஊரில் என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி பார்வையிட வந்தார். பெட்டி தொண்டையைச் செருமியது. "ஒரு காட்டுல ஒரு நரி இருந்துச்சாம்."

"உம்!" என்றது வகுப்பு மொத்தமும்.

அதிகாரி திடுக்கிட்டார். "என்னம்மா சத்தம் இது?"

"கதை கேட்டா உம் கொட்டுவாங்க, சார். கொட்டலைன்னா தூங்கிட்டாங்கன்னு அர்த்தம்."

"இது கேட்கும் திறன் திட்டம். காதுக்கு மட்டும்தான் அனுமதி. வாய், பேசும் திறன்ல வருது. அதுக்கு அடுத்த வருஷம்தான் நிதி."

மேற்படி உம் கொட்டலைத் தடைசெய்து சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். உம் இல்லாவிட்டால் கேட்கிறார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மேலிடம் கேட்டுத் தொலைத்தது. அதிகாரி தலையைப் பிய்த்துக்கொண்டார், பிறகு தெளிந்தார்.

"உம் கொட்டுறதையும் பெட்டியிலயே பதிஞ்சிடுங்க டீச்சர். உங்க குரலே போதும். கொஞ்சம் கம்பீரமா இருக்கட்டும்."

"அப்ப பிள்ளைங்க, சார்?"

"அவங்க சும்மா இருந்தா போதும். உங்களுக்கு இடமாறுதல் வேணுமா, வேண்டாமா?"

வேணும். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு, அதிகாரியைப் போலவே குரலைக் கட்டையாக்கி உம் கொட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று கதை முடிந்த பிறகும் கொஞ்சம் உபரி உம் சேர்த்து வைத்தார். அதன்பின் பெட்டியே கதை சொல்லி, பெட்டியே உம் கொட்டியது. தங்களுக்கு இங்கே வேலையில்லை என்று புரிந்துகொண்ட பிள்ளைகள் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் ஜன்னல் ஏறி விளையாடப் போனார்கள்.

அதிகாரி மறுபடி வந்து, பாதி காலியான பெஞ்சுகளுக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். "அருமை! ஒரு உம்கூடத் தவறலை. நூத்துக்கு நூறு!"

கதை முடிந்தது. இதுதான் சமயம் என்று டீச்சர் தலையைக் குனிந்தபடி அருகில் போனார்.

"சார், என் இடமாறுதல்..."

"உம்."

"ஃபோன்ல என் குரலைக் கேட்டா, என் மகளே யாருன்னு கேக்குறா, சார்."

"உம்."

"இந்த மாசமே கிடைச்சிடுமா?"

"உம்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனிதர்! நன்றி சொல்ல நிமிர்ந்தார். அதிகாரி வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"உம்," என்றது பெட்டி, டீச்சரின் சொந்தக் குரலில்.